தங்கபாய் ஏறினால் எழுநூறு

"ஒருத்தரும் எறங்கக் கூடாது. முள்ளு கீழ வந்த பொறவுதான் கதவத் தொறக்கணும்" என்றார் வைகுண்டராஜ்.

வண்டி ராஜபாளையத்தில் அவர் வீட்டு வாசலுக்கு வந்து இருபது நிமிடம் ஆகியிருந்தது. எஞ்சினை அணைக்காமல், இடத்தை விட்டு நகராமல், பங்குனி வெயிலில் நான்கு பேர் உள்ளே வெந்துகொண்டிருந்தார்கள். ஸ்டீயரிங்கில் டிரைவர் தவசிமுத்து, பக்கத்தில் முதலாளி வைகுண்டராஜ், பின்சீட்டில் அவர் மனைவி தங்கபாய், அவள் தோளில் சாய்ந்து தூங்கிப்போன மகள் நாச்சியார்.

நான்கு பேரும் காத்திருந்தது ஒரு முள்ளுக்காக. டேஷ்போர்டின் மேல் கறுப்பாக ஒரு வட்ட மீட்டர் இருந்தது. பூஜ்யத்தில் தொடங்கி எண்ணூறு வரை எண்கள். எஞ்சினிலிருந்து வெளியேறும் புகை எத்தனை டிகிரி சூடு என்று காட்டுகிற மீட்டர் அது. முள் எழுநூறில் நின்றது. இருபது நிமிடமாக அது இம்மியும் அசையவில்லை.

"காலு மரத்துப் போச்சுங்க" என்றாள் தங்கபாய்.

"ஏட்டி, இது என்ன மாட்டு வண்டியா, நிறுத்துன ஒடனே குதிக்கதுக்கு? டர்போ. பொகை போற வழியில ஒரு காத்தாடி சுத்துது. நிமிசத்துக்கு ஒரு லட்சம் சுத்து! இந்தச் சூட்டுல டக்குன்னு ஆப் பண்ணுனா உள்ள இருக்க ஆயிலு கருகிரும். காத்தாடி உருகிப் போவும்."

"இதோட எம்புட்டுத் தடவ சொல்லிட்டிய. நான் ஒண்ணு சொல்லட்டா?"

"எதைப் பத்தி?"

"அந்த முள்ளப் பத்தி."

வைகுண்டராஜ் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பாவம் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. "எஞ்சினு விவகாரத்துல பொம்பளைக்கு என்னட்டி தெரியும்? சாம்பாருக்கு உப்பு எம்புட்டுன்னு கேட்டா நீ சொல்லு."

தங்கபாய் மகளை எழுப்பினாள், இறங்கினாள், கதவை அறைந்து சாத்தினாள். வண்டி ஒரு ஆட்டம் ஆடியது. முள்ளும் ஒரு ஆட்டம் ஆடி, மறுபடி எழுநூறிலேயே போய் நின்றது.

"மொதலாளி, அம்மா சொல்ல வந்தது என்னன்னா, அந்த முள்ளு இருக்கில்லா..." என்று தவசிமுத்து தயங்கித் தயங்கி ஆரம்பித்தான்.

"நீ பேசாதலே. ரோட்டப் பாரு."

நிற்கிற வண்டிக்கு ஏது ரோடு? தவசிமுத்து எதிரே இருந்த காம்பவுண்டுச் சுவரைப் பார்த்தான்.

வைகுண்டராஜுக்குச் செட்டியார்பட்டியில் பேண்டேஜ் துணி ஃபேக்டரி இருந்தது. ரத்தம் வந்தால் சுற்றுகிற துணியைப் பற்றிக் கேளுங்கள், விடிய விடியப் பேசுவார். அதில் அவர் கெட்டிக்காரர்தான். எஞ்சினைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம், அது முன்பக்கம் இருக்கும் என்பதுதான். போன ஐப்பசியில் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரிடமிருந்து இந்தப் பழைய டர்போ டீசல் காரை வாங்கும் வரை அந்த அறிவே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

வினை, வண்டிக்குள் கிடந்த ஒரு இங்கிலீஷ் மோட்டார் பத்திரிகையில் இருந்தது. டிக்‌ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு கட்டுரையை அவர் ஒரு வாரம் படித்தார். டர்போ எஞ்சினில் புகையின் சூடு எழுநூறு டிகிரியைத் தாண்டினால் ஆபத்து. அதைப் பார்க்கத் தனி மீட்டர் வேண்டும். முள் ஏறினால் ஆக்ஸிலேட்டரைக் குறைக்க வேண்டும். வண்டியை நிறுத்தினால் கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டுத்தான் அணைக்க வேண்டும். எழுதியவன் ஒழுங்காகத்தான் எழுதியிருந்தான். வாசித்த ஆள்தான் சரியில்லை. அன்றிலிருந்து கடைத்தெருவில் அவரைக் கண்டால், வெற்றிலை வாங்க வந்தவர்கள்கூட வெற்றிலை வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள்.

அந்த மீட்டரை வாங்கி மாட்டச் சொல்லி மெக்கானிக் ராக்கப்பனைப் பிடித்தார்.

"அப்படி ஒரு மீட்டரு நம்ம பக்கம் கெடைக்குமான்னு..." என்று ராக்கப்பன் தலையைச் சொறிந்தான்.

"இல்லைன்னு மட்டும் சொல்லாத ராக்கப்பா. எனக்குப் புடிக்காத வார்த்தை அது ஒண்ணுதான்."

இது ஊரறிந்த சங்கதி. வைகுண்டராஜிடம் யாரும் ‘இல்லை’ என்று சொல்லக் கூடாது. சொன்னவன் சீட்டு அன்றைக்கே கிழியும். அவருடைய ஃபேக்டரியில் நூல் தீர்ந்தால், "நூலு வந்துக்கிட்டிருக்கு மொதலாளி" என்பார்கள். பாய்லர் படுத்துவிட்டால், "பாய்லரு செத்த நேரம் ஓய்வா இருக்கு" என்பார்கள். மூன்று நாள் லீவு எடுத்தவனைப் பற்றிக் கேட்டால், "வெளிய நிக்கான்" என்பார்கள். இப்படியே பதினைந்து வருடமாக எதுவும் இல்லாமல் போகாத ஒரு ஃபேக்டரியை அவர் நடத்திவந்தார்.

ராக்கப்பன் மதுரைக்குப் போய் இரண்டு நாள் அலைந்தான். மூன்றாம் நாள் மீட்டரை மாட்டிவிட்டான். மீட்டர் வந்தது, அது வந்த நேரம் ஹாரன் போனது, உள்விளக்கு போனது, டீசல் முள் செத்தது, இடதுபக்க வைப்பர் கேட்காமலே ஆடத் தொடங்கியது. ராக்கப்பன் கை வைத்தால் எந்த வண்டியும் நாலைக் கொடுத்துத்தான் ஒன்றைப் பெறும். வைகுண்டராஜ் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. முள் ஆடுகிறதல்லவா, அது போதும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம் போட்டார். ஃபேக்டரியில் பாய்லருக்கு எழுதுவதுபோலத் தேதி, நேரம், டிகிரி. எழுதி எழுதி ஒரு உண்மையைக் கண்டுபிடித்தார். வீட்டிலிருந்து செட்டியார்பட்டிக்கு அவர் மட்டும் போய்வருகிற நாட்களில் முள் தினம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அறுநூறு, ஐந்நூற்றெழுபது, ஐந்நூற்று நாற்பது. தன் பக்குவத்தால் எஞ்சின் பழகி வருகிறது என்று அவர் பூரித்துப்போவார். வெள்ளிக்கிழமை தங்கபாயை ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோயிலுக்குக் கிளம்புவார்கள். முள் எழுநூறில் நிற்கும்.

ஒரு வெள்ளி அல்ல, எல்லா வெள்ளியும்.

தங்கபாய் சும்மா ஏறுகிற ஆள் இல்லை. அவள் வண்டியில் கால் வைக்க வேண்டுமானால் கூஜா நிறையத் தண்ணீர், சம்படம் நிறைய முறுக்கு, டேங்க் நிறைய டீசல், மடி நிறைய மல்லிகைப்பூ, பையில் நாலு எலுமிச்சம்பழம் எல்லாம் இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கிளம்பமாட்டாள். வைகுண்டராஜ் இந்த மூட்டை முடிச்சுகளைப் பார்த்தார், தங்கபாயைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார். விஞ்ஞானி ஆகிவிட்டார்.

"எல்லாம் வெயிட்டுதான்!" என்றார்.

வாசலில் வண்டிக்குள் வெந்த அன்று காலையில்தான் ஸ்ரீவில்லிபுத்தூரில் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டில் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ராஜரத்தினம் முப்பது வருடம் லாரி வைத்து ஓட்டியவர். வாசலில் நின்ற காரைப் பார்த்து, "டர்போவா? சூட்டுலயே செத்துப்போவும்லா சம்மந்தி" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டார்.

வைகுண்டராஜுக்குச் சுருக்கென்றது. "நிச்சயத்தன்னைக்கு வண்டி ஒங்க மண்டப வாசல்ல வந்து நிக்கும். முள்ளு நூத்துக்கு மேல இருந்தா என் பேர மாத்தி வச்சுக்கிடுங்க" என்றார்.

"நூறா? நிறுத்தி வச்ச வண்டியே இந்த வெயில்ல அம்புட்டு இருக்குமே!"

"வந்து கண்ணால பாருங்க."

கூட இருந்த தங்கபாயின் தம்பி காமராஜ் சும்மா இருந்திருக்கலாம். "அத்தானுக்கு முள்ளப் பாக்கவே நேரம் சரியா இருக்கும். தாம்பூலத் தட்ட நான் மாத்திக்கிடுதேன், கவலய விடுங்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வைகுண்டராஜ் சிரிக்கவில்லை.

நிச்சயதார்த்தம் சித்திரை மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அதற்குள் பெண்ணைப் பெற்றவன் தாம்பூலத் தட்டை மாற்ற வேண்டும். அவன் இல்லாவிட்டால் தாய்மாமன் மாற்றுவான். அந்தத் தாய்மாமன் காமராஜ். நாச்சியார் பிறந்த அன்றே அந்தத் தட்டைத் தன் கையால் கொடுப்பதை வைகுண்டராஜ் மனசுக்குள் ஒத்திகை பார்த்துவிட்டார். மனிதர் அலட்டல் பேர்வழிதான். ஆனால் மகள் மேல் வைத்த பாசத்தில் அலட்டல் கிடையாது. அந்தத் தட்டில் காமராஜின் விரல் படுவதை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆக, நாள் நெருங்குவதற்குள் முள்ளை நூறுக்குக் கொண்டுவர வேண்டும். மறுநாளே வேலையைத் தொடங்கினார்.

முதலில் வேகம். "முப்பதுக்கு மேல போகாதலே" என்று தவசிமுத்துவுக்கு உத்தரவு. டர்போ கார் முப்பதில் போனது. டிராக்டர் முந்தியது, பிளாஸ்டிக் குடம் விற்கிறவனின் சைக்கிள் முந்தியது. பின்னால் வந்த டவுன் பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "அண்ணாச்சி, உள்ள பொணம் கிணம் கெடக்கா?" என்று மரியாதையாக விசாரித்தார்.

முள் தினம் இறங்கியது. வெள்ளிக்கிழமை தங்கபாய் ஏறினாள். எழுநூறு.

அடுத்தது எடை. ஜாக்கியை இறக்கினார், ஸ்டெப்னியை இறக்கினார். அதுவும் போதாதென்று மனைவியை ஃபேக்டரியில் பேல் நிறுக்கிற தராசில் ஏறச் சொன்னார்.

"ஒரு கணக்குக்குத்தான்ட்டி. நீ எத்தனை கிலோவோ, அத்தனை டிகிரி..."

"நூலு மூட்டை நிறுக்குற தராசுல என்னய நிறுக்கப் போறியளா?"

"விஞ்ஞானம்னா வெக்கப்படக் கூடாது."

தங்கபாய் அவரை மேலும் கீழும் பார்த்தாள். "மொதல்ல ஒங்க வாயக் கழத்தி அந்தத் தராசுல வைங்க. வண்டில பாதி வெயிட்டு அதுதான்" என்றாள்.

தராசு யோசனை அத்தோடு முடிந்தது. வைகுண்டராஜ் பின்சீட்டைக் கழற்றி ஷெட்டில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோரைப்பாயை விரித்தார். ஊரிலேயே விலை கூடிய காரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து போகிற பாக்கியம் தங்கபாய்க்குக் கிடைத்தது. அதிசயம், அவள் சண்டை போடவில்லை. ஏறும் முன் ஜன்னல் வழியாக ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்தாள், தனக்குத்தானே சிரித்தாள், கூஜாவோடு ஏறிப் பாயில் உட்கார்ந்தாள்.

எழுநூறு. இந்தத் தடவை கொஞ்சம் கூடவே.

மிச்சம் இருந்தது டிரைவர். நிச்சயத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை காலை, வைகுண்டராஜ் மீட்டரைப் பார்த்துக் கூச்சல் போட்டார்.

"நேத்து ராத்திரி வீட்டுக்கு வரும்போது நானூறு. நோட்டுல எழுதியிருக்கேன். இப்ப எழுநூத்திருபது. ராத்திரியோட ராத்திரியா எங்கலே வெரட்டிட்டு வந்த?"

"எங்கயும் போவல மொதலாளி. காலையில முக்கு வரைக்கும் போயிட்டு வந்தேன், அம்புட்டுதான்."

"முக்குக்குப் போயிட்டு வந்தா முந்நூறு டிகிரி ஏறுமா? என்னய எவன்னு நெனச்ச?"

"அது சூடு இல்..."

அந்த வார்த்தை முழுசாக வெளியே வரவில்லை. வந்த அரை வார்த்தையே போதுமானதாக இருந்தது. பதினோரு வருடம் வண்டி ஓட்டிய தவசிமுத்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போனான். மறுநாளே காமராஜ் அவனைத் தன் லோடு வேனுக்கு டிரைவராக வைத்துக்கொண்டான். அந்தச் செய்தி வைகுண்டராஜுக்கு இன்னும் கசந்தது.

ஆனால் முள்ளைப் பாருங்கள்! தவசிமுத்து போன நாளிலிருந்து அது ஏறவே இல்லை. வைகுண்டராஜ் தானே ஓட்டினார், முப்பதுக்கு மேல் போகாமல். அறுநூற்றெழுபது, அறுநூற்று முப்பது, ஐந்நூற்றெண்பது. அடுத்த வெள்ளிக்கிழமை தங்கபாய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்; முகத்தைச் சுளித்தாள். "நான் பஸ்ஸுல போயிக்கிடுதேன். மொதல்ல தவசிமுத்துவக் கூப்புடுங்க" என்றாள்.

"அவன் பேச்ச எடுக்காத."

"எடுக்கல. பட்டாத்தான் தெரியும்னா பட்டுட்டு வாங்க."

அவர் பட அல்ல, பறக்கத் தயாராக இருந்தார். மனைவி இல்லை, டிரைவர் இல்லை, சீட்டு இல்லை. முள் நாளுக்கு நாள் சரிந்தது. முந்நூறு, இருநூற்றைம்பது, நூற்றெண்பது. நிச்சயத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் எண்பது! ‘உலகத்தில் எந்த டர்போவும் தொடாத இடம்’ என்று நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டார். ஓடுகிற எஞ்சினின் புகை எண்பது டிகிரியில் எப்படி வரும் என்று ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி, அந்த மண்டைக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அவருடைய ஃபேக்டரிக்குள் ‘இல்லை’ நுழையாததுபோல அவருடைய தலைக்குள் சந்தேகமும் நுழைவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை நாச்சியாரும் சீர்த்தட்டுகளோடு சொந்தக்காரர்களும் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றார்கள். தங்கபாய் பட்டுப்புடவையோடு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தாள். அவள் முகம் மாறியது.

"ஏங்க, சொன்னா கேளுங்க. நீங்களும் பஸ்ஸுலயே வந்துருங்க. இன்னைக்கி ஒரு நாளு."

"வாசல்ல வண்டி நிக்கணும், சம்மந்தி பாக்கணும்."

"அப்ப போற வழியில பங்குல நிறுத்தி..."

"நிறுத்துனா சூடேறும்ட்டி! ஒரே ஓட்டம், நேரா மண்டபம்." எட்டரைக்கே கிளம்பிவிட்டார். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு மணி நேரம் கையில் இருந்தது. தங்கபாய் அவர் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆண்டாளு தாயே, இந்த மனுசன் கண்ணத் தொற" என்று வேண்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நாலு கிலோமீட்டர் இருக்கும்போது கோபுரம் தெரிந்தது. முள் அறுபது, நாற்பது, இருபது என்று சரிந்துகொண்டே வந்தது. வைகுண்டராஜுக்குக் கண் கலங்கிவிட்டது. முள் பூஜ்யத்தைத் தொட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவர் ஸ்டீயரிங்கைத் தட்டிய அதே நேரம் எஞ்சின் இரண்டு குலுக்கு குலுக்கி, ஒரு பெருமூச்சு விட்டு அடங்கியது. வண்டி உருண்டு போய் ஒரு புளியமரத்து டீக்கடை ஓரமாக நின்றது. இடது வைப்பர் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.

சாவியைத் திருப்பினார். கர்ர்ர் என்றது. மறுபடி திருப்பினார். பானெட்டைத் திறந்து உள்ளே பார்த்தார். உள்ளே இருந்ததெல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. எது எது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.

முக்கால் மணி நேரம் இப்படியே போன பிறகு பஸ் வந்தது. கண்டக்டர் விசில் ஊதி நிறுத்தினார். ஜன்னல் ஜன்னலாகச் சொந்தக்காரர்களின் தலைகள் முளைத்தன.

"என்னங்க ஆச்சு?" என்று தங்கபாய் கத்தினாள்.

"ஒண்ணுமில்ல. ரொம்பக் குளுந்துபோச்சு!"

"முள்ளு எங்க நிக்கி?"

"ஜீரோ!" என்றார் வைகுண்டராஜ், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தங்கபாய் தலையில் அடித்துக்கொண்டாள். "சரி விடுங்க, ஏறுங்க. மணி ஒம்பதே முக்கால்!"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் பஸ்ஸில் ஏறியிருப்பான். ஏறியிருந்தால் பத்து மணிக்கு மண்டபம். தட்டு அவர் கையில். வைகுண்டராஜ் பஸ்ஸைப் பார்த்தார், ஜன்னலில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த காமராஜைப் பார்த்தார். டர்போவைத் தெருவில் விட்டுவிட்டு டவுன் பஸ்ஸில் போய் இறங்கினால் ராஜரத்தினம் என்ன சொல்வார் என்று நினைத்தார்.

"நீங்க போங்க. செத்த நேரத்துல வாரேன். இதக் கொஞ்சம் சூடு பண்ணுனா போதும்."

பஸ் போய்விட்டது.

எஞ்சின் அளவுக்கு மேல் குளிர்ந்துவிட்டால் என்ன செய்வது என்று அந்தப் பத்திரிகையில் ஒரு வரிகூட இல்லை. எழுதியவனுக்கு வைகுண்டராஜ் என்று ஒருவர் இருப்பது தெரியாது. ஆகவே அவரே யோசித்தார். டர்போ, ஆயில், வயர், மச்சினனின் கண்ணேறு, எல்லாவற்றையும் யோசித்தார். கடைசியில் டீக்கடைக்குப் போனார். கடைக்காரி வெள்ளத்தாய் பாய்லரைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு வாளி வெந்நி வேணும்."

"குளிக்கவா அண்ணாச்சி?"

"எஞ்சினுக்கு. அதுக்குக் குளுரு கண்டுபோச்சு."

வெள்ளத்தாய் மேலே சூரியனைப் பார்த்தாள். சித்திரை வெயிலில் தார் ரோடு இளகிக்கொண்டிருந்தது. ஒரு நாய் மரநிழலை விட்டு வர மறுத்துப் படுத்திருந்தது. "குளுரா?" என்று ஒரு தடவை கேட்டாள். அப்புறம் வந்த வியாபாரத்தை விடுவானேன் என்று வாளியை நிரப்பினாள். "சுக்குத் தட்டிப் போடவா?" என்றும் கேட்டாள்.

முதல் வாளி வெந்நீரை எஞ்சின் மேல் ஊற்றினார். ஆவி கிளம்பியது. கர்ர்ர். இரண்டாவது வாளி. கர்ர்ர். மகள் நிச்சயத்துக்கென்று எடுத்த பட்டு அங்கவஸ்திரத்தைப் புகைக்குழாய் மேல் கதகதப்பாகச் சுற்றினார். கிரீஸ் ஏறி அது கந்தலானது. ஒவ்வொரு தடவை சாவியைத் திருப்பும்போதும் ‘கர்ர்ர்’ மெலிந்துகொண்டே வந்து, பேட்டரி இருமி இருமிச் செத்தது.

பத்தே கால் ஆனது. பத்து இருபத்தைந்து ஆனது. வைகுண்டராஜ் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் பார்த்தார். கோபுரம் அங்கேயே நின்றது. ஓடிவிடலாமா என்று பத்தடி ஓடிப் பார்த்தார், மூச்சு வாங்கித் திரும்பி வந்தார். பத்தரை ஆனபோது டீக்கடை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வெள்ளத்தாய் கேட்காமலே ஒரு டீயைக் கொண்டுவந்து வைத்தாள். இந்நேரம் தட்டு மாறியிருக்கும். நாச்சியார் தலையைக் குனிந்துகொண்டு நின்றிருப்பாள். ஒரு தடவை நிமிர்ந்து அப்பாவைத் தேடியிருப்பாள். அதை நினைத்ததும் அந்த அலட்டல் மனிதர் டீயைத் தொடாமல் தள்ளிவைத்தார்.

பதினொரு மணிக்கு ஒரு லோடு வேன் வந்து நின்றது. தவசிமுத்து இறங்கினான், கையில் ஒரு கேனும் புனலும்.

"யாருலே தட்டு மாத்துனா?" என்றார் வைகுண்டராஜ்.

"காமராஜ் அண்ணாச்சிதான். பத்து இருபத்தெட்டு வரைக்கும் பாத்தாவ."

"சம்மந்தி என்ன சொன்னாரு?"

"டர்போவ நம்பி ஆளு போனா இப்படித்தான்னாவ."

தவசிமுத்து காரின் பின்பக்கம் போய்க் கேனைக் கவிழ்த்தான். காலிக் கேனை வேனில் போட்டுவிட்டு, வேன் பேட்டரியிலிருந்து கார் பேட்டரிக்கு வயர் கொடுத்தான். "சாவியத் திருப்புங்க மொதலாளி" என்றான்.

வைகுண்டராஜ் நம்பிக்கை இல்லாமல்தான் திருப்பினார். அவர் கண் வழக்கம்போல மீட்டருக்குப் போனது. பூஜ்யத்தில் கிடந்த முள் மெல்ல எழுந்து, நூறைத் தாண்டி, நூற்றைம்பதில் போய் நின்றது. செத்துப்போன முகத்தில் உயிர் வந்தது.

"பாத்தியாலே! வெந்நி வேலை செஞ்சிட்டு! எஞ்சினே ஓடல, அதுக்குள்ள சூடு ஏறுது பாரு!"

தவசிமுத்து புனலை உதறித் துடைத்தான். இனி இவர் தன் முதலாளி இல்லை என்ற தைரியத்தில், ஆறு மாதமாகத் தொண்டையில் நின்றதை ஒரே மூச்சில் சொன்னான்.

"அது சூடு இல்ல மொதலாளி, இப்ப நான் ஊத்துன டீசலு, நீங்க கேட்ட மீட்டரு மதுரையில இல்லைன்னு ஒங்ககிட்டச் சொல்லப் பயந்துக்கிட்டு, ராக்கப்பன் ஒரு டீசல் மீட்டருக்கு மேல டிகிரி எழுதுன அட்டைய ஒட்டிட்டான், பொங்கலுக்கே அம்மாட்ட நான் சொல்லிட்டேன், அதான் டேங்கு நெறஞ்சு முள்ளு எழுநூறுல நிக்குதான்னு எட்டிப் பாத்துட்டுத்தான் அவிய வண்டில ஏறுவாவ."